வேனுக்குள் பதினோரு நாள்

கொடைக்கானலில் மூன்று லாட்ஜ்களில் எனக்கு அறை இல்லை என்றார்கள். மூன்றிலும் மேஜைக்குப் பின்னால் சாவிகள் வரிசையாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. முதல் இரண்டில் காரணம் சொல்லவில்லை. மூன்றாவது லாட்ஜின் மேனேஜர் மட்டும் மனதில் இருந்ததைச் சொன்னார்.

"கூட யாரு மேடம்?"

"யாரும் இல்லை. நான் மட்டும்தான்."

"தனியா வர்ற லேடீஸுக்குக் குடுக்கிறதில்லீங்க."

"ஏன்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "தனியா வந்து ஏதாச்சும் பண்ணிக்கிட்டா யாருங்க பதில் சொல்றது? போலீஸு, கேஸுன்னு நாங்கள்ல அலையணும்? ஜென்ட்ஸ் யாராச்சும் இருந்தா போன்ல ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. தம்பி இருந்தாக்கூடப் போதும்."

எனக்கு முப்பத்தெட்டு வயது. பதினாறு வருடமாகச் சம்பாதிக்கிறேன். சென்னையிலிருந்து நானே வண்டியை ஓட்டிக்கொண்டு மலை ஏறியிருக்கிறேன். என் தம்பி மலைப்பாதையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலே வாந்தி எடுப்பவன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் எனக்குக் கட்டில் கிடைக்குமாம். 'அப்படிப்பட்ட கட்டில் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை. ஏரியைச் சுற்றிலும் ஹாரன் அடித்துக்கொண்டு டூரிஸ்ட் வண்டிகள். என் வேன் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. இதிலேயே இருந்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். இது 2008, ஐப்பசி மாதம். பகலில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் குறிப்புகளை வாயால் சொல்லிப் பதிவு செய்துவிடுவார்கள். அந்த ஒலியை இன்டர்நெட்டில் இறக்கிக்கொண்டு, காதில் மாட்டிக் கேட்டு, டைப் அடித்து, மாலை ஐந்து மணிக்குள் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருந்தால் எங்கே இருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் கொடைக்கானலுக்கு வந்ததில்லை.

அதோடு சொந்தமாக ஒரு கடையும் தொடங்கியிருந்தேன். கதவு, ஷட்டர் எதுவும் இல்லாத கடை, வலைத்தளம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் யாராவது ஒரு அம்மா எப்போதும் மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பிக்கொண்டிருப்பார். பருப்புப்பொடி, பிரசவ லேகியம், வசம்பு வளையல் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். பிறக்கப்போகும் குழந்தைக்குக் கம்பளிக் குல்லா வேண்டும் என்றால் சென்னை வெயிலில் எங்கே தேடுவது? ஒரு வருடம் முன்பு கொடைக்கானலில் ஒரு கடையில் குழந்தைக் குல்லா ஒன்று வாங்கினேன். அவ்வளவு நெருக்கமான, மென்மையான பின்னல். யார் பின்னியது என்று கேட்டால் கடைக்காரர் "ஃபாரின் மேடம்" என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மா துணிப்பையோடு உள்ளே வந்து அதே மாதிரி ஒரு டஜன் குல்லாவை மேஜையில் கொட்டினார். அவர்தான் பரமேஸ்வரி. வெளியே வந்து அவரைப் பிடித்து, அவர் குடியிருப்பில் இருக்கும் பெட்டிக்கடையின் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பேச்சு ஒரு வருடம் வளர்ந்து, இப்போது வண்டி நிறையக் கம்பளி நூல் மூட்டைகளோடு வந்திருந்தேன். பரமேஸ்வரியும் அவர் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேரும் பின்னுவார்கள். நான் படம் எடுத்து வலைத்தளத்தில் போட்டு விற்பேன். வண்டியின் பின்சீட்டை ஏற்கனவே கழற்றியிருந்ததால் மூட்டைகளைப் பரப்பி மேலே ஒரு ஜமுக்காளம் விரித்தேன். லாட்ஜ் மெத்தை எப்படி இருந்திருக்குமோ, கம்பளி நூல் மேல் படுத்தவர் வேறு எதிலும் படுக்க மாட்டார். அந்த விஷயத்தில் மேனேஜருக்கு நன்றி.

இரண்டாம் நாள் காலையில்தான் வண்டியில் வாழ்வது என்றால் என்ன என்று புரிந்தது. தூக்கமும் குளிரும் பிரச்சினையே இல்லை, கக்கூஸ்தான் பிரச்சினை. பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறையில் பெண்கள் பக்கம் பூட்டிக் கிடந்தது. "சாவி எங்கே?" என்றால், "வெள்ளனே யாரும் வர மாட்டாங்கன்னு தொறக்கல" என்றார் ஆண்கள் பக்கம் காசு வாங்கிக்கொண்டிருந்தவர். ஆண்களுக்கு மட்டும் விடியற்காலையில் வயிறு வேலை செய்யும் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது? ஒரு ஹோட்டலில் நுழைந்து, வேண்டாத காபியை வாங்கி வைத்துவிட்டு, அவர்கள் பாத்ரூமுக்குப் போனேன். அடுத்தடுத்த நாட்களில் நான் குடித்த காபிகளில் பாதி காபிக்காகக் குடித்தவை அல்ல.

இட்லி நன்றாகவே இருந்தது. சாம்பாரில் பீன்ஸும் கேரட்டும் தாராளம். ஆனால் ஆவி பறக்க இலையில் விழும் இட்லி இரண்டாவது கவளத்துக்குள் ஆறிவிடுகிறது. சென்னையில் ஊதி ஊதிச் சாப்பிட்டுப் பழகியவளுக்கு அது ஒரு பதற்றத்தைக் கொடுத்தது. இந்த ஊரில் எல்லாரும் வெரசாகச் சாப்பிடுவதன் ரகசியம் அதுதான்.

பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர் பெயர் ஸ்டீபன். மிஷன் ஸ்கூலில் கொஞ்சகாலம் ஆபீஸ் வேலை பார்த்தவர். சுவரில் கர்த்தர் படமும், அதற்குக் கீழே 'ஆபாசத் தளங்கள் பார்க்கக் கூடாது' என்ற அட்டையும் மாட்டியிருந்தார்.

"மேடம், நெட் ஸ்லோ. மிஸ்ட் இருந்தா இன்னும் ஸ்லோ. டூ டு ஃபோர் கரண்ட் கட். அதுக்கு மேல அன்அஃபீஷியலா ஒரு ஒன் அவர் எடுப்பாங்க."

"எந்த ஒன் அவர்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் மேடம் இங்க உக்காந்திருக்கேன்?"

சென்னையில் மின்வெட்டு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே இருப்பவர்களுக்குக் கரண்ட் எதற்கு, குளிர்தான் இருக்கிறதே என்று யாரோ எங்கோ உட்கார்ந்து தீர்மானித்தது போல எடுத்தார்கள். நான் காலையில் ஒலிகளை இறக்கிக்கொண்டு வேனுக்கு வந்துவிடுவேன். முன் சீட்டில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, வண்டி பேட்டரியிலிருந்து ஒரு சின்ன இன்வெர்ட்டர் வழியாக மின்சாரம் எடுத்துக்கொள்வேன். டைப் அடிக்கும்போது ஒலியை நிறுத்தவும் ஓடவிடவும் காலால் மிதிக்கிற பெடல் ஒன்று உண்டு. அதைக் காலடியில் போட்டுக்கொண்டு, காதில் ஏதோ ஒரு அமெரிக்க டாக்டர் யாருடைய முழங்காலைப் பற்றியோ மூச்சுவிடாமல் பேச, எதிரே கண்ணாடிக்கு வெளியே ஒரு குரங்கு பானெட்டில் உட்கார்ந்து என்னிடமிருந்து பறித்த பன்னைப் பிய்த்துத் தின்னும். அதைத் துரத்தக் கையைத் தூக்கினால் டாக்டர் இரண்டு வாக்கியம் முன்னால் போய்விடுவார்.

மூன்றாம் நாள், ஏரிக்கு மேலே ஒரு பங்களாத் தெருவில் நிறுத்தியிருந்தேன். பொதுச்சாலை. யார் கேட்டையும் மறைக்கவில்லை. காலை எட்டு மணிக்கு ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். கம்பளித் தொப்பி, கைத்தடி, வயது அறுபத்தைந்து இருக்கும்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து பாக்கறேன். இங்கயே நிக்கறே. இது டீசன்ட்டான ஏரியா."

"தெரிந்துதான் நிறுத்தினேன், சார்."

"உள்ள யாரு யாரு வந்து போறா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் காது வரை சூடாகிவிட்டது. கதவைத் திறந்து இறங்கி, "சார், நான் உங்களை 'நீங்க' என்கிறேன். நீங்களும் அப்படியே பேசுங்க. உள்ளே நூல் மூட்டையும் கம்ப்யூட்டரும் இருக்கு. வேண்டுமானால் ஏறிப் பாருங்க" என்றேன். அவர் ஏறிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் போன் செய்தார்.

அரைமணியில் ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்தார். இளைஞர், கெட்டவர் இல்லை.

"வீட்டுக்காரர் நம்பர் குடுங்கம்மா."

"வீட்டுக்காரர் இல்லை."

"அப்பா?"

"காலமாகிவிட்டார்."

"அப்ப யாரைத்தாங்க கேக்குறது?"

"என்னைக் கேளுங்க. நான்தான் எதிரே நிற்கிறேனே."

அது அவருக்குப் புது யோசனையாகப் பட்டது. மூட்டைகளைக் குத்திப் பார்த்தார். லேப்டாப்பிலிருந்து வயரோடு தொங்கிய பெடலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்கு?" நான் ஹெட்போனை நீட்டினேன். காதில் வைத்துக் கேட்டார். அமெரிக்காவில் யாருக்கோ பித்தப்பையில் கல். அவர் முகத்தில் ஒரு கவலை வந்தது. "டாக்டரா பேசுறாரு? உங்களுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?"

கோபம் முழுவதையும் மீறிச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "எடத்த மட்டும் காலி பண்ணிருங்கம்மா. அவரு பெரிய எடம்" என்றார். நான் செய்தது என்ன தப்பு என்று கேட்டேன். "தப்பெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. காலி பண்ணிருங்க." இந்த இரண்டு வாக்கியமும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வாயிலிருந்து எப்படி வருகின்றன என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

காலி செய்தேன். நான்காம் நாள் பூம்பாறை தாண்டி, கூக்கால் போகும் பாதையில் ஏறினேன். அங்கே ஒரு திருப்பத்தில்தான் பரமேஸ்வரியின் குடியிருப்பு. அதற்கு முந்தின வளைவிலேயே போன் சிக்னல் கிடைத்ததால், கம்பெனியிலிருந்து கூப்பிட்டால் எடுக்கலாம் என்று ரோட்டில் வண்டியை நிறுத்தி ஒரு மணிநேரம் வேலை பார்த்தேன். இன்வெர்ட்டர் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிட்டது என்பது சாவியைத் திருப்பியபோதுதான் தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. அந்த நேரம் பார்த்து, நாளுக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் வருகிற பஸ் பின்னால் வந்து நின்றது. அகலமில்லாத ரோடு. ஒரு பக்கம் பள்ளம்.

ஹாரனை ஒரு நிமிடம் கையெடுக்காமல் அமுக்கினார் டிரைவர். பிறகு தலையை வெளியே நீட்டி, "என்னம்மா, நடு ரோட்டுல வீடு கட்டியிருக்கீங்களா?" என்றார்.

"பேட்டரி போச்சுங்க!"

"ஏலே, எல்லாரும் எறங்குங்கலே! தள்ளுனாத்தான் நாம வீடு போய்ச் சேருவோம்."

பூண்டு மூட்டைக்காரர்களும் கைக்குழந்தைக்காரிகளும் இறங்கினார்கள். ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "உள்ள பாரு, அடுப்பு, போர்வ, எல்லாம் கெடக்கு. புருசன்கூடச் சண்ட போட்டுட்டு வந்துருச்சு போல." மற்றவர், "சண்டன்னா வீட்டத் தூக்கிட்டா வருவாங்க?" என்றார். முன்னால் இருந்த சரிவில் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் வண்டி உதறிக்கொண்டு எழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். இறங்கி நன்றி சொல்ல முடியவில்லை. இறங்கினால் மறுபடி நின்றுவிடும். கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே போனேன்.

குடியிருப்பு இரண்டு வரிசை வீடுகள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். இப்போது பூண்டுக் காட்டிலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் தினக்கூலி வேலை. பரமேஸ்வரிக்கு ஐம்பது வயது இருக்கும். குள்ளமான, வேகமான உருவம். நடக்கும்போதும் கையில் பின்னல் ஊசி. வண்டியை வீட்டு ஓரமாக நிறுத்தச் சொன்னார். யாரோடு வந்தாய், எங்கே புருஷன் என்று அந்த இரண்டு வரிசையிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. "குளிருதா? பிளேன் டீ குடிப்பீங்களா?" என்றுதான் கேட்டார்கள்.

பால் இல்லாத கறுத்த டீ. சீனியை டீயில் போடாமல் உள்ளங்கையில் கொட்டினார். அதை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த கனமான ரொட்டி, வெங்காயமும் மிளகாயும் இடித்த சம்பல். மூன்று நாள் ஹோட்டல் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் காரணமாகவும் இருக்கலாம்.

ஐந்தாம் நாள் படம் எடுத்தேன். இங்கே நான் செய்ததை ஒளிக்காமல் எழுத வேண்டும். பரமேஸ்வரி படம் என்றதும், "இருங்க, சேல மாத்திட்டு வந்துர்றேன்" என்றார். "வேண்டாம், இப்படியே இருங்கள், இதுதான் இயல்பாக இருக்கு" என்று தடுத்தேன். காட்டிலிருந்து வந்த கோலம். கிழிந்த ஸ்வெட்டர், முழங்கால் வரை சேறு. பின்னால் கரி படிந்த சுவர். அந்தப் படம் விற்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆறாம் நாள் ஸ்டீபன் கடையில் உட்கார்ந்து, கரண்ட் போய்ப் போய் வர, பக்கத்தை ஏற்றினேன். ஆங்கிலத்தில் எழுதினேன். இலங்கையிலிருந்து வந்த ஏழை அகதிப் பெண்கள் தங்கள் கண்ணீரை மறந்து பின்னிய குல்லாக்கள், ஒரு குல்லா வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு வாழ்வு. எழுதி முடித்ததும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அவ்வளவு நன்றாக எழுதிவிட்டதாக நினைத்தேன்.

ஏழாம் நாளே மாம்பலத்திலிருந்து ஒரு அம்மாவின் மெயில் வந்தது. மகளுக்குத் தை மாதம் பிரசவம். நான்கு குல்லா, நான்கு ஜோடி காலுறை, ஒரு ஸ்வெட்டர். 'குழந்தைக்கு வாங்கினது மாதிரியும் ஆச்சு, அகதிகளுக்கு ஒத்தாசை பண்ணின புண்ணியமும் ஆச்சு' என்று எழுதியிருந்தார். நான் ஸ்டீபனுக்கு சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் ஞாயிறு. சந்தைக்கு வந்த பரமேஸ்வரி, வாரம் முழுக்கப் பின்னியதைப் பையில் போட்டுக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கும் வந்தார். நெற்றியில் புதுப் பொட்டு. பெருமையோடு அவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பக்கத்தைத் திறந்தேன். படம் மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் சுவர், பிறகு முகம், பிறகு சேறு.

"சேல மாத்தியிருக்கலாம்" என்றார். பிறகு, "கீழ என்ன எழுதியிருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டீபன் உற்சாகமாக மொழிபெயர்த்துவிட்டார். ஒரு வார்த்தை விடாமல்.

பரமேஸ்வரி திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "அகதின்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"அது... இலங்கையிலிருந்து வந்ததால்..."

"ரெண்டு கவுருமெண்டும் கையெழுத்துப் போட்டு, எங்கப்பா இந்தியா பாஸ்போட்டு எடுத்து, கப்பல்ல டிக்கெட்டு எடுத்து வந்தோம்மா. தப்பிச்சு ஓடியாரல. எங்க தாத்தா துறையூருப் பக்கத்து ஆளு. அவரு போனாரு, நாங்க திரும்பி வந்தோம். அங்க இருக்கையில இந்தியாக்காரின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரிங்கிறாங்க. எங்களுக்கு ஓட்டு இருக்கு, ரேசன் கார்டு இருக்கு. இதுல நீங்க வேற புதுசா ஒரு பேரு வைக்கிறீங்களா?"

"நல்லதுக்குத்தான் எழுதினேன். அப்படி எழுதினால்தான் வாங்குவார்கள்."

"அப்ப குல்லா நல்லா இல்லையா?"

நான் பக்கத்தை மூடப் போனேன்.

"கண்ணீர மறந்து பின்னுனேனா? நான் எப்பம்மா அழுதேன்? ஒங்கள்ட்ட வந்து ஒருநாளாச்சும் அழுதேனா?" அவர் குரல் உயரவில்லை. பையை எடுத்து மடியில் வைத்து, மேஜையில் எடுத்து வைத்த குல்லாக்களை எண்ணாமல் உள்ளே தள்ளினார். "கடக்காரரு ஃபாரின்னு சொல்லி விக்கிறாரு. அதுகூடப் பரவால்ல போலருக்கு." பையோடு எழுந்து போய்விட்டார். ஸ்டீபன் கர்த்தர் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யாருக்காக நான் கக்கூஸுக்காக வேண்டாத காபி குடிக்கிறேன்? யாருக்காகப் பெரிய மனிதர்களிடம் கெட்ட பேர் வாங்குகிறேன்? வேனுக்குள் உட்கார்ந்து எனக்கு நானே வாதாடினேன். ஆனால் வாதாட வாதாட ஒரு விஷயம் இடறியது. 'உள்ளே யார் வந்து போகிறார்கள்' என்று கேட்டவர் என்னிடம் எதையும் விசாரிக்காமலேயே என்னைப் பற்றி முடிவு செய்துவிட்டு வந்தவர். நானும் பரமேஸ்வரியிடம் நான்கு நாள் ரொட்டி சாப்பிட்டேன். நீங்கள் எப்படி இங்கே வந்தீர்கள் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவே இல்லை. எனக்கு முன்பே தெரிந்த ஒரு கதை இருந்தது, அதற்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அந்த ஏரிக்கரையில் அன்று இருந்த எல்லார் மேலும் கோபப்பட எனக்குக் காரணம் இருந்தது. என் மேல் கோபப்படத்தான் அதிகக் காரணம் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் முதல் வேலையாகப் பக்கத்தை எடுத்துவிட்டேன். மதியத்துக்குள் டாக்டர்களை முடித்து அனுப்பிவிட்டு மேலே போனேன். பரமேஸ்வரி பூண்டுக் காட்டில் இருந்தார். வேலை விடும் வரை வரப்பில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்தார், பார்க்காதது போல இருந்தார். சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு வந்தபோது, "தப்பு என் மேல்தான். எடுத்துட்டேன். என்ன எழுதணும் என்று நீங்களே சொல்லுங்க, அதை மட்டும் எழுதறேன்" என்றேன்.

"டீ குடிச்சீங்களா?" என்றார்.

பின்னுகிற ஐந்து பெண்களும் பரமேஸ்வரி வீட்டில் கூடினார்கள். என்ன எழுதுவது என்று ஒரு பெரிய விவாதம். ஒருத்தி 'மலைக் குளிருக்குப் பின்னியது' என்று போடச் சொன்னாள். இன்னொருத்தி 'துவைச்சா சுருங்காதுன்னு மறக்காம போடுங்க, அதத்தான் எல்லாரும் கேப்பாங்க' என்றாள். ஒவ்வொரு குல்லாவுக்கும் பின்னியவர் பேர் போட வேண்டும் என்று முடிவானது. "கொழந்த புடிச்சு இழுத்து நூலு பிரிஞ்சிராம உள்பக்கம் முடிச்சு வச்சிருக்கோம், அதையும் எழுதுங்க" என்றார் பரமேஸ்வரி. அந்த உள்முடிச்சை அதுவரை நான் கவனித்ததே இல்லை. இத்தனைக்கும் நான்தான் வியாபாரி.

பத்தாம் நாள் காலை வேலைக்குப் போகும் முன் படம். ஐந்து பேரும் நல்ல சேலை. பரமேஸ்வரி கத்தரிப்பூ நிறப் பட்டு, கையில் வாட்ச். சுவர் வேண்டாம், பேரிக்காய் மரத்தடியில் நிற்கிறோம் என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை, கேமராவை நேராகப் பார்த்தார்கள். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். வலைத்தளத்தில் ஏற்றிவிட்டு, மாம்பலத்து அம்மாவுக்கும் ஒரு மெயில் போட்டேன். முதலில் எழுதியது தவறு, இவர்கள் அகதிகள் அல்ல, ஒப்பந்தப்படி தாய்நாடு திரும்பியவர்கள், என் தவறுக்கு வருந்துகிறேன், உங்கள் குல்லாக்கள் தயாராகின்றன.

பதினோராம் நாள் பதில் வந்தது. 'அகதிகள் இல்லை என்றால் எதற்கு இந்த விலை? பெங்களூரில் மிஷினில் பின்னியது இதில் பாதிக்குக் கிடைக்கிறது. ஏமாற்றப் பார்த்தீர்கள். ஆர்டர் வேண்டாம்.'

ஸ்டீபன் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "வெரி பேட், மேடம்" என்றார். நான் பதில் எழுத ஆரம்பித்தேன். கையால் பின்னுவது என்றால் என்ன, இரண்டு நாள் ஒரு குல்லாவுக்கு எப்படிப் போகிறது, பரிதாபத்துக்கு ஒரு விலை, வேலைக்கு ஒரு விலையா என்று ஒரு முழுப்பக்கம். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக யாரையும் திட்டியதில்லை. அனுப்பும் பட்டனை அமுக்கப் போகும்போது கரண்ட் போனது. அன்அஃபீஷியல் ஒன் அவர்.

காத்திருக்கவில்லை. கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதை முன்பே அனுப்பியிருந்தேன். மேலே ஏறினேன். மறுநாள் விடியற்காலையில் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். இதைச் சொல்லாமல் போவதா, சொல்லிவிட்டுப் போவதா என்று வழியெல்லாம் யோசித்தேன். பரமேஸ்வரி வாசலில் உட்கார்ந்து, அந்த ஆர்டருக்கான ஸ்வெட்டரின் கடைசிக் கையைப் பின்னிக்கொண்டிருந்தார். மறைக்க முடியவில்லை. மெயிலில் இருந்ததை அப்படியே சொன்னேன்.

அவர் ஊசியை நிறுத்தவில்லை. வரிசை முடியும் வரை பின்னினார்.

"அகதின்னா அந்த வெல சரி, இல்லைன்னா அதிகமா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க. இவ்வளவு நடந்தது என்னால்தான். நானே..."

"நீங்க சும்மா இருங்க." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். முடிச்சை உள்பக்கம் தள்ளி, ஸ்வெட்டரை முழங்காலில் விரித்து, இரண்டு கையும் ஒரே நீளமா என்று அளந்து பார்த்தார்.

"வேணாம்னா விட்டுருங்க" என்றார். "நம்ம குல்லாவுக்கு வேற தல கெடைக்கும்."